நிரந்தர ஆய்வுக்கூடம் லாரியில் வந்தது

என் சகலை வீட்டுக் குழாயில் என் வீட்டுக் குழாயைவிடக் கொஞ்சம் வேகமாகத் தண்ணீர் வந்தாலும் எனக்கு வயிறு எரியும். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. சகலை என்றால் யார்? என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஒரே மாமனாருக்கு இரண்டு மருமகன்கள் என்று ஆகிவிட்டால், ஒருவனுக்குப் போடுகிற நாற்காலியை இன்னொருவன் ஓரக்கண்ணால் பார்க்கத்தான் செய்வான். அது மனித இயல்பு. எங்கள் விஷயத்தில் அந்த இயல்போடு கல்வித்துறையும் கை கோத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நான் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர். அவனும் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர். என் பள்ளி தெருவுக்கு இந்தப் பக்கம், அவன் பள்ளி அந்தப் பக்கம், எதிரும் புதிருமாக. ஒரு லாரி வந்தால் சைக்கிள்காரர் இறங்கி ஓரமாக நிற்க வேண்டிய அகலம்தான் தெரு. இத்தனை சின்னத் தெருவில் இரண்டு பள்ளிகள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். திறப்பு விழா அன்றைக்கு இரண்டு மந்திரிகள் வந்துவிட்டார்களாம். ஒருவரைச் சும்மா திருப்பி அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று எதிர்வீட்டையும் பள்ளிக்கூடமாக்கி, அங்கேயும் ஒரு ரிப்பனைக் கட்டி, கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இது தேசிய கல்விக் கொள்கையின் ஒரு பகுதி என்று பிற்பாடு சொன்னார்கள்.

சகலை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்தவன். ஏழாம் வாய்ப்பாடு அவனுக்கு அன்றைக்கும் தகராறு, இன்றைக்கும் தகராறு. ஆனால் ஆள் வாய்ச்சாலகன். மேடையில் ஏறினால் கண் கலங்குவான். கண் கலங்கத் தெரிந்தவனுக்குக் கல்வித்துறையில் வாய்ப்பாடு எதற்கு?

என் பள்ளிக்கு இரண்டே அறைகள். சின்ன அறைக்கு நல்ல கூரை. பெரிய அறைக்குத் தகரம். அந்தத் தகரத்தில் இருந்த ஓட்டைகளை எண்ணச் சொல்லித்தான் ஒன்றாம் வகுப்புக்கு எண்கள் சொல்லிக்கொடுத்தேன். மழை பெய்தால் எல்லா வகுப்பையும் சின்ன அறைக்குள் திணித்துவிட்டு, நானும் உதவி ஆசிரியையும் வாசற்படியில் நிற்போம். பக்கத்து அறைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் நான் கத்துவது என் காதிலேயே விழாது. எங்கள் ஆசிரியையைச் சின்ன டீச்சர் என்போம். மழைக்காலம் பூராவும் எங்கள் பள்ளியில் நடந்த ஒரே பாடம் மழை. ஒரு வருஷம் தகரம் ஒன்று பெயர்ந்து பெஞ்சின் மேலேயே விழுந்தது. விளையாட்டு நேரம் என்பதால் பெஞ்சில் யாரும் இல்லை. அன்றையிலிருந்து எனக்கு ஒரே கவலை. அடுத்த தகரம் விளையாட்டு நேரம் பார்த்துத்தான் விழும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

கூரைக்கு மேலிடத்தில் கேட்டேன். ஆய்வுக்கு வருவார்கள், ஆய்வில் காட்டுங்கள் என்றார்கள். வட்டக் கல்வி அதிகாரி நல்ல மழை நாளாகப் பார்த்து வந்தார். ஒழுகுவதைக் காட்டவே பிள்ளைகளை அன்றைக்குப் பெரிய அறையிலேயே உட்காரவைத்திருந்தேன். அவர் வகுப்புக்குள்ளே குடை பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் தலைக்கு மேல் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு அவருக்கு வணக்கம் சொன்னார்கள்.

"பிரமாதம்" என்றார்.

"எதுங்க ஐயா?"

"மழைநீர் சேகரிப்பு. இந்த வட்டத்துலயே வகுப்புக்குள்ள வாளி வச்சுச் சேகரிக்கிற பள்ளி உங்க பள்ளிதான்."

"ஐயா, இது சேகரிப்பு இல்லீங்க. கூரை ஒழுகுதுங்க."

"நீங்க ஒழுகுதுன்னு சொல்றதைத்தான் நாங்க சேகரிப்புன்னு சொல்றோம். பார்வைதான் மாறணும், ஹெட்மாஸ்டர்."

சேகரிப்புக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார். மற்ற எல்லாவற்றுக்கும் பூஜ்யம். அந்த வருஷம் நடந்தது 'முன்னேறியோரை மேலும் முன்னேற்றும் திட்டம்'. ஒரு நட்சத்திரப் பள்ளிக்கு எதுவும் கிடையாது. ஐந்து நட்சத்திரம் வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? எதிர்ப்பக்கம். ஒழுகாத கூரை ஏற்கெனவே பாதிக்குப் பாதி இருந்த என் சகலைக்கு, வாசலில் ஒரு பெரிய அலங்கார வளைவு கட்டிக் கொடுத்தார்கள்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் ஸ்கூல்ல வளைவு கட்டியிருக்காங்களாமே, பாத்தீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"தினமும் அதுக்கு எதிரதான்டி நிக்கறேன்."

"அழகா இருக்காம்ல?"

சாயங்காலம் அந்த வளைவின் நிழல் தெருவைத் தாண்டி என் பள்ளி வாசலில் விழும். அந்த நிழலை மிதித்துக்கொண்டுதான் நான் வீட்டுக்குப் போக வேண்டும். கொஞ்சம் அழுத்தித்தான் மிதிப்பேன்.

மாமனார் வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தபோது சகலையே ரகசியத்தை உடைத்தான். பெருமை தாங்காமல் வாயிலிருந்து வழிந்துவிட்டது.

"அண்ணே, நீங்க இருக்கறதைக் காட்டறீங்க. இருக்கறதைக் காட்டினா யார்ணே நட்சத்திரம் குடுப்பா? லேப்பைக் காட்டணும்."

"உன் ஸ்கூல்ல ஏதுடா லேப்?"

"நிரந்தர ஆய்வுக்கூடம்ணே. லாரில வரும்."

விஷயம் இதுதான். வெளிநாட்டு உதவியில் நாட்டின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் நிரந்தர ஆய்வுக்கூடம் அமைப்பதாகத் திட்டம். எங்கள் வட்டத்துக்கு மொத்தமாக வந்து சேர்ந்தது ஒரே ஒரு ஆய்வுக்கூடம். மற்றவை வழியில் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வந்த ஒன்றும் போய்விடுமோ என்ற பயம். அந்த ஒன்றை ஒரு லாரியில் ஏற்றி, தலைநகரத்து அதிகாரி எந்தப் பள்ளிக்கு ஆய்வுக்கு வருகிறாரோ அந்தப் பள்ளிக்கு அவருக்கு முன்னாலேயே அனுப்பிவிடுவார்கள். அவர் ஜீப் கிளம்பியதும் லாரியும் கிளம்பிவிடும். தலைநகரத்தைப் பொறுத்தவரை எங்கள் வட்டத்தில் ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியே கிடையாது.

மறுநாளே வட்ட அதிகாரி முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, எனக்கும் லாரி வேணும்ங்க."

"கூரை ஒழுகற ஸ்கூலுக்கு எப்படி லேப் அனுப்பறது? நனைஞ்சுடாது?"

"கூரை போடறதுக்குத்தாங்க லேப் வேணும்."

"நியாயம்தான்" என்றார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, நாட்டு நடப்பை எனக்கு விளக்கினார்.

"பாருங்க ஹெட்மாஸ்டர், நம்மளது வளரும் நாடு. வளர்ந்து முடிச்சிட்டோம்னு சொன்னா உதவி நின்னுபோயிடும். வளரவே இல்லைன்னு சொன்னா மானம் போயிடும். அதனால நாம எப்பவும் வளர்ந்துகிட்டே இருக்கற மாதிரி இருக்கணும். இதுல கல்வித்துறையோட பங்கு ரொம்பப் பெருசு. ஒரு பிள்ளைகூட படிச்சு முடிச்சிடாம, ஒரு பிள்ளைகூட படிப்பை நிறுத்திடாம பாத்துக்கணும். லேசான காரியமா?"

"இல்லீங்க."

"சரி, லாரி அனுப்பறேன். ஆனா உங்க ஸ்கூல் ஆய்வுக்கு அடுத்த நாள் எதிர் ஸ்கூல் ஆய்வு. சாயங்காலமே லாரி அந்தப் பக்கம் போயிடணும். தெருவைத் தாண்டறதுதானே, டீசல்கூட செலவில்லை."

எதிர் ஸ்கூல் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. மறுபடியும் அவனுக்கா? வளைவுக்கு மேல் இன்னும் என்ன கட்டப் போகிறார்கள், கோபுரமா? டீயைக் குடித்தேன். டீயில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆய்வு நாளன்று காலையில் நிரந்தர ஆய்வுக்கூடம் லாரியில் வந்தது. ஒழுகாத சின்ன அறையைக் காலி செய்து வைத்திருந்தோம். கண்ணாடிக் குடுவைகள், உருளும் பூமி உருண்டை, ஒரு மைக்ராஸ்கோப், நிற்கிற எலும்புக்கூடு என்று ஒவ்வொன்றாக இறங்கின. 'எங்கள் பள்ளியின் பெருமைமிகு நிரந்தர ஆய்வுக்கூடம்' என்ற பலகையும் இறங்கியது. பள்ளியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கரும்பலகை வண்ணம் பூசியிருந்தார்கள், சாக்பீஸால் எழுதி அழித்துக்கொள்ள வசதியாக. எல்லாவற்றையும் இறக்கி முடித்த லாரி டிரைவர் ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் ஆய்வுக்கூட உதவியாளர்.

"எலும்புக்கூட்டுக்கு இடது கை இல்லையே?" என்றேன்.

"எந்த ஸ்கூல்ல விட்டேன்னு ஞாபகம் இல்ல சார். இடது பக்கத்தைச் சுவத்தோட ஒட்டி நிறுத்திடுங்க. முக்கியமா ஒண்ணு, பிள்ளைங்க எதையும் தொடக்கூடாது. தொட்டா தேயும்."

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தையல்காரியின் மகள். எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று கேட்பாள். நிலா ஏன் கூடவே வருது, பூஜ்யத்துக்கு முன்னாடி என்ன, இப்படி. அவளுக்குக் கேள்வி என்று பெயர் வைத்ததே நான்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை "கேள்வி, உக்காரு" என்று சொல்வேன் என்று எனக்கே தெரியாது. உட்கார்ந்துகொண்டே அடுத்ததைக் கேட்பாள். ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகவும் சொல்வாள். அப்படிச் சொல்லும்போது நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வேன், கொஞ்சம் கர்வமாக.

அவள் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சார், இதுல பாத்தா என்ன தெரியும்?"

"சின்னது பெருசாத் தெரியும். உக்காரு."

"எவ்வளவு சின்னது சார்?"

"கேள்வி, உக்காருன்னு சொன்னேன்ல!"

தலைநகரத்து அதிகாரி வந்தார். பின்னாலேயே வட்ட அதிகாரி, கை கட்டி, வாய் பொத்தி. தலைநகரத்தார் ஆய்வுக்கூட வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துவிட்டார்.

"முன்னேற்றத்தோட வாசனை" என்றார்.

புதிதாக அடித்த சுண்ணாம்பின் வாசனை. நான் தலையாட்டினேன்.

நேரே எங்கள் கேள்வியைக் கூப்பிட்டார். "வாம்மா. இதுல கண்ணை வச்சுப் பாத்து, என்ன தெரியுதுன்னு சொல்லு." டிரைவர் பதறிப்போய் ஓர் அடி முன்னால் வந்தார். அவள் அதற்குள் ஓடிவந்து கண்ணை வைத்துவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல சார். இருட்டா இருக்கு."

லென்ஸே இல்லாத மைக்ராஸ்கோப் என்று டிரைவர் என் காதில் கிசுகிசுத்தார். தலைநகரத்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா? பாத்ததை மட்டும் சொல்றா. பார்க்காததைச் சொல்லல. இதுதான் அறிவியல் மனப்பான்மை. என் பணிக்காலத்துல எந்தப் பிள்ளையும் இப்படிச் சொன்னதில்ல. எல்லாரும் 'செல் தெரியுது'ன்னே சொல்லிட்டிருந்தாங்க."

ஐந்து நட்சத்திரம். நான் தரையில் நிற்கவில்லை. பெரிய அறைப் பக்கம் அவர் வரவே இல்லை. வெயில் நாள் வேறு. தகரத்தின் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் தரையில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்து, "இயற்கை வெளிச்சம், சபாஷ்" என்றார்.

சாயங்காலம் டிரைவர் கோட்டைக் கழற்றிவிட்டு டிரைவராக வந்தார். "கதவைத் தொறங்க சார். எதிர் ஸ்கூல்ல இறக்கணும்."

எதிர்வாசலில், வளைவுக்குக் கீழே, சகலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்து நின்றான். புதுச் சட்டை. என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டது.

"சாவியைக் காணோமே" என்றேன்.

"காணோமா?"

"எங்க வச்சேன்னு தெரியலையே."

அப்படி ஒரு தேடல் தேடினேன். மேஜைக்கு அடியில், பூந்தொட்டிக்குள், எலும்புக்கூட்டின் பக்கத்தில் விழுந்திருக்குமோ என்று ஜன்னல் கம்பி வழியாகக்கூட எட்டிப் பார்த்தேன். வட்ட அதிகாரி ஓடிவந்தார். பூட்டை உடைக்கலாமே என்றார் டிரைவர். வட்ட அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "அரசாங்கப் பூட்டுய்யா! உடைக்கணும்னா பூட்டுப் பிரிவு சம்மதம் தரணும். பூட்டுப் பிரிவு தலைநகரத்துல இருக்கு. கேட்டா, எதுக்கு உடைக்கறீங்கன்னு கேப்பாங்க. நிரந்தர ஆய்வுக்கூடத்தை லாரில ஏத்தறதுக்குன்னா சொல்றது?"

மறுநாள் நான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிவிட்டேன். எதிரே தலைநகரத்தார் ஜீப்பை விட்டு இறங்கினார். வளைவைத் தாண்டினார். காலி அறையில் நின்றார். சகலை கையைப் பிசைந்தான். குனிந்தான். வழக்கம்போல் கண் கலங்கினான். ஆனால் இந்த முறை அது நிஜக் கலக்கம் என்று இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரிந்தது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஒன்றுகூட! எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. சின்ன டீச்சரைக் கூப்பிட்டு இரண்டு டீ சொல்லச் சொன்னேன், சர்க்கரை தூக்கலாக.

முடிவு சொல்லும் கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துப் போயிருந்தேன். கூரை வந்ததும் எந்த வகுப்பு எங்கே உட்கார வேண்டும் என்று கேள்வி ஒரு படமே வரைந்து வைத்திருந்தாள். தலைநகரத்தார் மைக்கைப் பிடித்தார்.

"போன வருஷம் நல்லா நடக்கற பள்ளிகளுக்கு உதவி செஞ்சோம். அது தப்புன்னு வெளிநாட்டுல கண்டுபிடிச்சிட்டாங்க. அவங்க கண்டுபிடிச்சதும் நாங்களும் உடனே கண்டுபிடிச்சிட்டோம். அதனால இந்த வருஷம் 'பின்தங்கியோரைப் பிடித்துத் தூக்கும் திட்டம்'. ஐந்து நட்சத்திரப் பள்ளிக்கு எதுக்கு உதவி? அங்கதான் எல்லாம் இருக்கே! ஒரு நட்சத்திரம்கூட இல்லாம, வெறும் அறையோட, ஒரு பள்ளி தவிச்சு நிக்குது. அந்தக் காலி அறையை நேர்ல பாத்து நான் தூங்கல. அந்தப் பள்ளிக்கு முழுக் கட்டடத்துக்கும் கான்கிரீட் கூரை!"

கைதட்டல். சகலை மேடை ஏறிக் கண் கலங்கினான். இந்த முறை பொய்க் கலக்கம். எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். நல்ல கனம். அதைத் தூக்கி அங்கேயே எங்கேயாவது போட்டு உடைக்கலாமா என்று இருந்தது.

"சார், நமக்குக் கூரை இல்லையா?" என்றாள் கேள்வி.

"இல்ல."

"நாமதானே சார் நல்லா பண்ணினோம்?"

"உக்காரு" என்றேன். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் சாவி கிடைத்துவிட்டது என்று வட்ட அதிகாரியிடம் ஓடினேன். லேப்பை எடுத்துக்கொள்ளுங்கள், சின்ன அறையாவது பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும், மழைக்காலம் வருகிறது என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எப்படி எடுக்கறது? உங்க ஸ்கூல்ல லேப் இருக்குன்னு தலைநகரத்துல அஞ்சு நட்சத்திரம் ஏறிடுச்சு. இப்ப எடுத்தா அது திருட்டு. நிரந்தரமா இருக்க வேண்டியது எல்லா ஊருக்கும் போயிட்டு வந்துச்சு. உங்க புண்ணியத்துல முதல் தடவையா நிரந்தரமாயிடுச்சு."

"லாரி?"

"அது இப்ப நிரந்தர நூலகத்தை ஏத்திட்டுப் போகுது."

மழை வந்தது. ஒழுகாத அறையில் எலும்புக்கூடு நின்றது. ஒழுகுகிற அறையில் பிள்ளைகள் இருந்தார்கள். எதிரே கான்கிரீட் காய்ந்து, சாரம் பிரித்து, வெள்ளையும் அடித்துவிட்டார்கள். மழை நேரத்தில்கூட அங்கே டீச்சர் பேசுவது பிள்ளைகளுக்குக் கேட்கிறதாம். தெரு முழுக்க அதே பேச்சு. முதலில் டீக்கடைக்காரர் தம் இரண்டு பிள்ளைகளையும் தெருவைத் தாண்டிக் கூட்டிப்போய் விட்டார். பிறகு ஒவ்வொரு வீடாகத் தாண்டியது. பிள்ளைகள் குறைந்ததும் சின்ன டீச்சரையும் அந்தப் பக்கத்துக்கே மாற்றிவிட்டார்கள்.

கடைசியாகத் தையல்காரி வந்தாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. புள்ளைக்கு இருமல் விடவே மாட்டேங்குது. உங்க பாடத்தைக் குறை சொல்லல. உங்க மாதிரி யாரும் சொல்லிக்குடுக்க முடியாது. ஆனா தலை நனையுதே சார்."

"கூட்டிட்டுப் போங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? என் பிள்ளையாக இருந்தால் நான் முதல் மழைக்கே கூட்டிப்போயிருப்பேன்.

கேள்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சார், நீங்களும் அங்க வந்துடுங்களேன். அங்கதான் இடம் நிறைய இருக்கே?"

அவர்கள் தெருவைத் தாண்டி, வளைவுக்குக் கீழே நுழைந்து, உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றிருந்த சகலை அவள் தலையில் கையை வைத்தான். பாவி!

அதற்குப் பிறகு ஆய்வுக்கு வட்ட அதிகாரி தனியாகவே வந்தார். பெஞ்சுகளைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு நப்பாசை. இப்போதாவது பள்ளியின் நிலைமை புரிந்திருக்குமே!

"அருமை!" என்றார். "படிப்பைப் பாதியில நிறுத்தினவங்க யாராவது உண்டா?"

"யாருமே இல்லீங்க."

"தோத்தவங்க?"

"யாருமே இல்லீங்க."

"பெத்தவங்க கிட்டேர்ந்து புகார்?"

"யாரும் வர்றதே இல்லீங்க."

"சத்தம் போடறது, சண்டை போடறது, சுவத்துல கிறுக்கறது?"

"ஐயா, பிள்ளைங்களே இல்லீங்க."

"அதைத்தான் சொல்றேன். இப்படி ஒரு பள்ளி நாட்டுல வேற எங்க இருக்கு? தேசிய முன்மாதிரிப் பள்ளின்னு பேர் குடுத்து அனுப்பறேன். மத்த ஹெட்மாஸ்டர்ங்களை இங்க பயிற்சிக்கு அனுப்பலாம்னு இருக்கேன்."

"அப்படின்னா இந்தக் கூரையையாவது..."

"பிள்ளைங்களே இல்லாத ஸ்கூலுக்குக் கூரை எதுக்கு, ஹெட்மாஸ்டர்? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

இரண்டாவது கேடயம் வந்தது. அதைப் பார்க்க ஒரு பிற்பகல் சகலையே தெருவைத் தாண்டி வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள், முதுகில் யாரோ மை கொட்டியிருந்தார்கள். காலி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"உங்களுக்கென்னண்ணே, குடுத்து வச்சவரு. ரெண்டு கேடயம். சத்தமில்ல, சனியனில்ல. என்னைப் பாருங்க. ரெண்டு ஸ்கூல் பிள்ளைங்களையும் என் தலையில கட்டிட்டாங்க. காலைல இருந்து தொண்டைத் தண்ணி வத்துது. உங்ககிட்டேர்ந்து வந்துச்சே, அந்தக் கேள்வியோ என்னவோ, அது ஒண்ணே போதும்ணே! நிலா ஏன் கூட வருதுன்னு கேக்குது. நான் எங்கண்ணே போவேன்?"

அவன் கண்கள் என் காலி அறையைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவன் பொறாமைப்படுகிறான்! என் சகலை, என்னைப் பார்த்து, வயிறு எரிகிறான். மாமனார் வீட்டுப் படியை மிதித்த நாளிலிருந்து நான் காத்திருந்த நிமிஷம் இது. மனசுக்குள் ஆசை தீரச் சிரித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. "நிலா தூரத்துல இருக்கறதால அப்படித் தெரியுதுன்னு சொல்லு தம்பி" என்றேன். "கூட ரெண்டு கேள்வி கேக்கும். கேக்கட்டும் விடு."

அவன் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வாளியை எடுத்து ஒழுகுகிற இடத்தில் வைத்தேன். தகரத்தில் அடித்த மழையில் வேறு எதுவும் காதில் விழவில்லை. பிறகு மழை கொஞ்சம் ஓய்ந்தது. தூறலாயிற்று. எதிர்ப்பக்கத்திலிருந்து வாய்ப்பாடு கேட்டது. சகலை சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அதில் என் பிள்ளைகளின் குரல்களும் இருந்தன. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பிரித்து எடுப்பேன்.

"ஏழேழு நாப்பத்தொன்பது!"

"ஏழேழு நாப்பத்தொன்பது!"

"ஏழெட்டு அம்பத்துநாலு!"

"ஏழெட்டு அம்பத்துநாலு!"

நான் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அம்பத்தாறுடா!" என்று கத்தினேன். "அம்பத்தாறு!" என் தகரம் அதை வாங்கித் திரும்ப என் தலையிலேயே போட்டது. யாருக்குக் கேட்டிருக்கும்?

எதிரே பாட்டு நின்றது. ஒரே ஒரு குரல் தனியாக எழுந்தது, இருமிக்கொண்டே.

"சார், அம்பத்தாறு சார். எங்க சார் அம்பத்தாறுன்னுதான் சொல்லிக்குடுத்தார்."

அடுத்து சகலையின் குரல்.

"கேள்வி, உக்காரு."

மறுபடியும் எல்லோரும் சேர்ந்து அம்பத்துநாலு என்றார்கள். வளைவை அவனே வைத்துக்கொள்ளட்டும். கான்கிரீட்டையும் அவனே வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பெண்ணைப் பார்த்து உக்காரு என்று சொல்ல அவனுக்குக் கொடுத்து வைத்திருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.